ஏற்காட்டில் காப்பிப் பூ பார்க்கப் போவது எப்படி?

மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஏற்காடு போகிறவர்கள் ஏராளம். அதற்கு முன்பே, பங்குனி சித்திரை வாக்கில், சேர்வராயன் மலையில் காப்பிச் செடி பூத்து ஓய்ந்துவிடும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதனால் லீவு நாளைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், மழையைப் பார்த்துக் கிளம்புங்கள்.

முதல் வேலை மழைக் கணக்கு. காப்பி மொட்டு வறண்ட மாதங்களில் கணுக்களில் அப்படியே உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல கோடை மழை, சுமார் 25 மில்லிமீட்டர், இறங்கினால்தான் விழிக்கும். தூறல் போதாது. அந்த மழையிலிருந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் தோட்டமே வெளுத்துவிடும். சேலத்தில் பெய்தது கணக்கில் வராது. மலையில் பெய்ததா என்று ஏற்காட்டில் யாருக்காவது போன் போட்டுக் கேளுங்கள். பெய்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அனுமதி. எஸ்டேட்டுகள் தனியார் நிலம், கேட்காமல் நுழையக் கூடாது. விருந்தினருக்கு அறை விடும் எஸ்டேட்டில் ஓர் இரவு தங்குவது சுலபமான வழி.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. விடியற்காலையில் ஏறிவிடுங்கள். சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகையும் வேண்டாம். காப்பிப் பூவுக்கும் கிட்டத்தட்ட மல்லிகை வாசம்தான். பூவைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வாசம் வந்து சேரும். அதைக் கலப்பில்லாமல் அனுபவிக்க வேண்டும்.

சரி, உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் நின்று, ஒரே ஒரு கிளையைப் பாருங்கள். கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து, யாரோ சரம் தொடுத்துக் கட்டியதுபோல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி இந்த மலையை எப்படித் தன்வசமாக்கிக்கொண்டது என்பது அப்போது புரியும். தேனீக்கள் மும்முரமாக இருக்கும், குறுக்கே கை வீசாதீர்கள்.

படத்துக்காகக் கிளையை வளைக்கவோ உலுக்கவோ வேண்டாம். ஒவ்வொரு பூவும் எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பறிக்க வேண்டிய ஒரு பழம். தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நடங்கள்.

நீங்கள் போகும்போது பூ பழுப்பேறிச் சுருங்கியிருந்தால், பின்தங்கிய மொட்டு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். இருந்தால், அடுத்த மழையிலிருந்து மறுபடி நாளை எண்ணத் தொடங்கலாம்.