தமிழில் இணையதளம்: எங்கே உடையும், எப்படிச் சரிசெய்வது

ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைக் காட்டி, "இதையே தமிழிலும் போட்டுடுங்க, ஒரு நாள் வேலைதானே" என்பார்கள். மொழிபெயர்ப்பு வந்ததும் ஒட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். முதல் வாரத்திலேயே பெயர்ப் பட்டியல் தாறுமாறாக வரிசையாகும், குமார் என்ற பெயரைப் படிவம் ஏற்காது, எஸ்எம்எஸ் செலவு இரண்டு மடங்காகும். மூன்றுக்கும் வேர் ஒன்று. நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் தரநிலையான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. அதில் 247 எழுத்துகளும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. உயிர்கள், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி என்று உதிரியாக இருக்கின்றன. சேர்த்து வரைவது ஃபான்ட்டின் வேலை. "தமிழ்" நமக்கு 3 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 வரும். இந்த உதிரி ஒவ்வொன்றையும்தான் இனி குறி என்கிறேன். அவற்றைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், பிஎச்பியில் நீளம் பார்க்கும் ஸ்டர்லென் 15 என்னும். எந்தப் பிழை வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இங்கே எண்ணப்படுவது 3ஆ, 5ஆ, 15ஆ என்பதைத்தான்.

திரையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

வெறும் கட்டங்கள் தெரிந்தால் தரவு நலமாக இருக்கிறது, ஃபான்ட்தான் இல்லை. விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ, மேக்கில் இணைமதியோ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழோ இருக்கும் என்பதால் சாதாரண உலாவியில் இது இப்போது அபூர்வம். சர்வரில் படம் அல்லது பிடிஎஃப் தயாரிக்கும்போதுதான் வரும், ஏனென்றால் சர்வரில் யாரும் தமிழ் ஃபான்ட் போட்டிருக்க மாட்டார்கள்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுச் சின்னமும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ பழைய மேற்கத்தியக் குறியாக்கமாகப் படிக்கிறார்கள். தமிழின் பெரும்பாலான எழுத்துகளுக்கு முதல் இரண்டு பைட்டும் ஒன்றே. அதனால்தான் அந்தச் சின்னம் திரும்பத் திரும்ப வருகிறது. பயப்பட வேண்டாம், மீட்கலாம். எங்கே தவறாகப் படிக்கப்படுகிறது என்று பாருங்கள்: எச்டிஎம்எல் தலைப்பகுதியில் சார்செட் (எந்தக் குறியாக்கம் என்ற அறிவிப்பு) இல்லையா, தரவுத்தள இணைப்பில் சார்செட் சொல்லவில்லையா, அல்லது சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தார்களா? கடைசிதான் காரணம் என்றால், கோப்பின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற 3 பைட்டைச் சேர்த்து எழுதினால் போதும், எக்செல் ஒழுங்காகத் திறக்கும்.

கேள்விக்குறிகளாக வந்தால்தான் கவலை. தமிழே தெரியாத ஒரு குறியாக்கத்துக்குள் எழுத்து திணிக்கப்பட்டு, எழுதும்போதே தொலைந்துவிட்டது. தரவுத்தளத்தில் நேரடியாகப் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் பேக்கப்தான் கதி. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். பழைய யூடிஎஃப்8 என்பது எழுத்துக்கு 3 பைட்தான் தரும். தமிழுக்கு அது போதும், அதனால் சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடும். ஒருவர் கருத்துப் பெட்டியில் ஒரு சிரிப்பு ஈமோஜி போடும் நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு 4 பைட் வேண்டும்.

புள்ளிகளாலான வட்டத்தின் பக்கத்தில் ஒரு கொம்போ காலோ தொங்கினால், துணைக்குறி ஒன்று தன் மெய்யைப் பிரிந்து அநாதையாக நிற்கிறது. இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: சொல்லை நடுவில் வெட்டியிருக்கிறீர்கள், அல்லது பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றியபோது கொம்பை மெய்க்கு முன்னாலேயே விட்டுவிட்டார்கள். பழைய ஃபான்ட்டுகளில் பார்க்கும் வரிசையில், கொம்பு முதலில் வரும். யூனிகோடில் மெய் முதலில். டிடிபி கடையிலிருந்து வரும் கோப்பை வாங்கும்போதே ஒரு பக்கம் மாதிரி கேளுங்கள். ஃபான்ட்டை மாற்றியதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அது யூனிகோட் இல்லை. சேமிப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

வெட்டுவதும் எண்ணுவதும்

செய்தித் தலைப்பை 40 எழுத்தில் நிறுத்தி மூன்று புள்ளி வைப்பது எல்லாத் தளத்திலும் உண்டு. பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து சிதைந்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். யூனிகோட் குறி கணக்கில் வெட்டினால் இன்னும் மோசம்: பிழை கண்ணுக்கே தெரியாது. "தமிழ்" 4இல் வெட்டினால் "தமிழ", 2இல் வெட்டினால் "தம". இரண்டும் பார்க்க ஒழுங்கான எழுத்துகள்தான். சொல்தான் வேறாகிவிட்டது.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்ட்டர் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2024இல் வந்த 125ஆம் பதிப்பில்தான் சேர்த்தது என்பதால், பழைய பதிப்புக்கு மாற்று ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்பியில் எம்பி சப்ஸ்டர் போதாது, அது 5 என்று எண்ணும் வகை. கிராஃபீம் சப்ஸ்டர் வேண்டும், அதற்கு இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் தலைப்புக்கு இது எதுவும் தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸிலேயே இரண்டு வரிக்கு மேல் மறைக்கச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வதே உத்தமம்.

செக்மென்ட்டரும் முழுத் தமிழ் அறிந்ததல்ல. "க்ஷ" அதற்கு க், ஷ என்று இரண்டு துண்டு. "ஸ்ரீ" ஸ், ரீ என்று இரண்டு. பயனர் படம் இல்லாத இடத்தில் வட்டத்துக்குள் முதலெழுத்தைப் போடுவீர்களே, அங்கே ஸ்ரீதருக்கு வெறும் "ஸ்" வந்து நிற்கும். முதல் துண்டு புள்ளியில் முடிந்தால் அடுத்த துண்டையும் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் எண்ணிக்கை பணமாகிறது. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். தாண்டினால் பகுதிக்கு 67 வீதம் பிரியும். இதைப் பாருங்கள்: "உங்கள் ஓடிபி 482913. யாருக்கும் சொல்ல வேண்டாம்." இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 47. "10 நிமிடத்தில் காலாவதியாகும்." என்று பின்னால் ஒட்டினால் இடைவெளியோடு 30 கூடி 77. அதாவது இரண்டு செய்திக் கட்டணம். "10 நிமிடம் செல்லும்." என்றால் ஒன்றிலேயே அடங்கிவிடும். இந்தியாவில் செய்தியின் வார்ப்புருவை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பதிவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள்.

நெடுவரிசை அளவும் இதே கதை. மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் 50 என்றால் 50 குறி. ஆரக்கிளில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 50 பைட், அதாவது தமிழில் 16 குறி. "சுப்பிரமணியன்" என்ற பெயரே 13 குறி. கூட ஒரு தந்தை பெயர் சேர்ந்தால் அவ்வளவுதான்.

குமாரை ஏற்காத படிவம்

பெயரில் எழுத்து மட்டுமே இருக்கலாம் என்று ரெஜெக்ஸ் (உள்ளீட்டைச் சோதிக்கும் விதி) எழுதும்போது யூனிகோடின் "எழுத்து" வகையை மட்டும் அனுமதிப்பது வழக்கமான தவறு. க, ம, ர எல்லாம் அந்த வகை. உகரக் குறி, கால், புள்ளி மூன்றும் "மார்க்" என்ற வேறு வகை. ஆக "குமார்" தள்ளுபடி, "கமல" என்றால் உள்ளே விடும். இரண்டு வகையையும் அனுமதியுங்கள். இடைவெளியையும், இனிஷியலுக்கான முற்றுப்புள்ளியையும் சேர்த்து. கூடவே குடும்பப் பெயர் கட்டாயம் என்பதை எடுத்துவிடுங்கள். நம்மில் பாதிப்பேருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். கட்டாயம் என்றால் புள்ளி ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்கள், பிறகு அந்தப் புள்ளி அழைப்பிதழ் வரை வரும்.

ஒரே மாதிரி தெரியும், ஒன்றாக இருக்காது

தேடினால் கிடைக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க உடன் ஒற்றை ஒகரக் குறி, அல்லது க உடன் கொம்பு, பிறகு கால். திரையில் வித்தியாசமே தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அதற்கும் மசியாதவை சில உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் மாதிரியே இருப்பதால், "கௌரி" என்பதை கெ, ள, ரி என்று தட்டியவர்கள் ஏராளம். ஔவைக்கும் இதே கதி, ஒகரமும் ளகரமுமாக. யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு சொற்கள், என்எஃப்சி தொடாது. ஸ்ரீயில் இன்னொரு சிக்கல். 2005இல் யூனிகோட் 4.1 வந்தபோது ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதற்குப்பின் ஸ் வைத்தும் ஶ் வைத்தும் ஸ்ரீ எழுதலாம், பல ஃபான்ட்டுகளில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீரங்கம் தேடியவருக்குப் பாதி முடிவுதான் கிடைக்கும். இவற்றோடு, சில விசைப்பலகைகள் புள்ளிக்குப் பின் விட்டுச்செல்லும், எழுத்துகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ சொல்லும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களும் உண்டு.

அதனால் மூலத்தைத் திருத்தாமல், தேடலுக்கென்று தனி நெடுவரிசை வையுங்கள். அதில் என்எஃப்சி ஓட்டி, இணைப்பான்களை நீக்கி, ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கி, ஔகார மயக்கத்துக்கு ஒரு திருத்தப் பட்டியல் வைத்துச் சேமியுங்கள். பயனர் தட்டுவதையும் அதே வழியில் அனுப்புங்கள். வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி: "மரம்" என்று தேடினால் "மரத்தை" வராது. சின்னத் தளம் என்றால் கடைசி மகர மெய்யை வெட்டிவிட்டு "மர" என்று தேடலாம். "மரபு", "மரணம்" எல்லாம் கூட வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒன்றுமே வராததைத்தான் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

வரிசை

அரசன், அழகன், அறிவு, அன்பு. அகராதி வரிசை இதுதான்: ர, ழ, ற, ன. குறியெண் வரிசையில் அடுக்கினால் அன்பு, அரசன், அறிவு, அழகன் என்று வரும். யூனிகோடில் ந பக்கத்தில் ன, ர பக்கத்தில் ற என்று வைத்திருப்பதால் வரும் வினை. ஜ கூட ச, ஞ இரண்டுக்கும் நடுவில் நுழைந்து நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் வெறும் சார்ட் இப்படித்தான் அடுக்கும். மொழி தமிழ் என்று சொல்லி, மொழிக்கேற்ப அடுக்கும் இன்ட்ல் கொலேட்டரைக் கொடுத்தால் மெய் வரிசை சரியாகிவிடும்.

அடுத்து பக்கம், பகல் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அகராதியில் க் முதலில், க பிறகு. எனவே பக்கம்தான் முன்னே. உங்கள் தரவுத்தளம் பகலை முன்னே வைத்தால், வரிசைக்கென்று சாவி ஒன்று நீங்களே செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் மெய், உயிர் என்று பிரியுங்கள். உயிரெழுத்து தனியே வந்தால் மெய் இடத்தில் 00, ஆய்தத்துக்கு 01, க் முதல் ன் வரை 02 முதல் 19, கிரந்தம் 20 முதல். உயிர் இடத்தில் புள்ளிக்கு 00, அ முதல் ஔ வரை 01 முதல் 12, ஆய்தத்துக்கும் 00. "பகல்" 100102011400 ஆகும், "பக்கம்" 1001020002011100 ஆகும். சாவியைச் சரமாகவே சேமித்து அதை வைத்து அடுக்குங்கள். 30 வரி நிரல்தான், ஒருமுறை எழுதினால் எல்லாத் திட்டத்துக்கும் ஆகும்.

தோற்றம்

எச்டிஎம்எல்லில் மொழி தமிழ் என்று குறித்துவிடுங்கள். லைன் ஹைட்டை 1.6க்குக் கீழே இறக்காதீர்கள். மேலே ஈகாரச் சுழி, கீழே ஊகார வளைவு, இரண்டும் அடுத்த வரியோடு மோதும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்து மீதியை மறைத்திருந்தால் "தொடரு" வெறும் "தொடர" ஆகிவிடும், உகரத்தின் வால் வெட்டுப்பட்டு. உயரத்தை விட்டுவிட்டு பேடிங் கொடுங்கள். லெட்டர் ஸ்பேசிங் பூஜ்யம். சாய்வெழுத்து வேண்டாம், பெரும்பாலான தமிழ் ஃபான்ட்டுகளில் அது கிடையாது, உலாவி தானாகச் சரித்து வைக்கும், பார்க்கச் சகிக்காது.

அகலத்துக்கு ஃபான்ட்டைச் சுருக்குவதைவிடச் சொல்லை மாற்றுவது மேல். "சமர்ப்பிக்கவும்" கைபேசியில் இரண்டு வரிக்கு மடங்கும். "அனுப்பு" என்றால் இடமும் மிச்சம், பாட்டிக்கும் புரியும்.

வெப் ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் நம்பகமானவை. ஃபான்ட் எந்தக் குறிகளுக்கு என்று சொல்லும் யூனிகோட் எல்லையைத் தமிழுக்கு மட்டும் சுருக்கினால் ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் வேறு ஃபான்ட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த எல்லைக்குள் இணைப்பான்களையும் புள்ளி வட்டத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்.

பக்கத்தின் இணைய முகவரியில் தமிழ் வைத்தால் ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரியும். "தமிழ்" மட்டுமே 45. வாட்ஸாப்பில் பகிர்ந்தால் திரையில் பாதியை அடைக்கும். பதிவின் எண்ணை முகவரியில் வைத்து, தமிழ்ச் சொல்லை அதன் பின்னால் அலங்காரமாக விடுங்கள். தமிழ்ப் பகுதியை யாராவது நறுக்கினாலும் எண்ணை வைத்துப் பக்கம் திறக்கட்டும்.

பிடிஎஃப் ரசீது கடைசியில்தான் நினைவுக்கு வரும். பல பிடிஎஃப் நூலகங்கள் குறிகளை வந்த வரிசையிலேயே அச்சடிக்கின்றன, கொம்பை முன்னால் நகர்த்துவதில்லை. "கொடை" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துக்கோப்பு (குறிகளைச் சரியான உருவமாகச் சேர்ப்பது) ஹார்ஃப்பஸ் என்ற நிரல் வழியாக நடக்கிறதா என்று நூலகத்தின் ஆவணத்தில் தேடுங்கள். இல்லையென்றால் ரசீதை எச்டிஎம்எல்லாகவே எழுதி, திரையில்லா குரோமை (ஜன்னல் திறக்காமல் பின்னணியில் ஓடும் குரோம்) கொண்டு அச்சிடுங்கள், சர்வரில் தமிழ் ஃபான்ட்டை நிறுவிய பிறகு.