நாலு செங்கல் போதாது: மூன்று சுவருக்குள் அக்ரிலிக் பாத்டப் பதிக்கும் முறை

அம்மாவுக்கு முட்டுவலி வந்ததும் குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கிக் குளிப்பது நின்றுபோனது. வெந்நீரில் காலை நீட்டி உட்கார்ந்தால் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது என்றாள். அதனால் பாளையங்கோட்டை வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தபோது பாத்டப் வைத்தோம். எட்டாவது மாதம் அதன் அடியில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், நாலு மூலைக்கு நாலு செங்கல் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது டப்பைக் கொத்தனாரோடு கூடவே நின்று நானும் பதித்தேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

அக்ரிலிக் டப் என்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு. அதைச் சூடாக்கி அச்சில் இழுத்து, பின்பக்கம் ஃபைபர் கிளாஸ் பூசியிருப்பார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் ஆள் ஏறி நின்றால் வளையும். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதோடு ஆள் எடை, டப்பின் எடை. இரண்டு மூட்டை நெல்லைவிட அதிக பாரம் அந்த மெல்லிய தகட்டின் மேல் உட்காருகிறது. அடியில் தாங்கல் இல்லாவிட்டால் ஒவ்வொரு குளியலிலும் வளைந்து நிமிர்ந்து ஒருநாள் விரியும்.

அளவு

மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு: இந்த வகை டப் பெரும்பாலும் 5 அடி நீளம், 2.5 அடி அகலத்தில் கிடைக்கும். பழைய டைல்ஸையும் பூச்சையும் உடைத்துச் செங்கல் தெரிந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். தரையில் ஓர் அளவு, டப்பின் விளிம்பு வரும் உயரத்தில் ஓர் அளவு. நம் வீட்டுச் சுவர்கள் மேலே போகப் போக அரை அங்குலம் சாய்வது சாதாரணம். டப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ற மாதிரி சுவரை முடிப்பதே நல்லது. தண்ணீர் வெளியேறும் துளை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை, டப்புக்கு முன்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். கதவு அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை அடிக் கதவில் டப்பை நிமிர்த்திப் பக்கவாட்டில்தான் நுழைக்க முடியும்.

பழைய மரக்கட்டை மச்சு வீடாக இருந்தால் மாடியில் டப் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கான்கிரீட் தளம் என்றாலும் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கழிவு நீர்க் குழாய்

மெயின் வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டப்பின் துளைக்கு நேர் கீழே ஒன்றரை அங்குல பிவிசி குழாயும், நாற்றம் மேலே ஏறாமல் தடுக்கிற டிராப்பும் வேண்டும். டிராப்பில் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிய வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றிருந்தால், வெளிச் சேம்பருக்குப் போகும் குழாயில், சாக்கடைத் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறாமல் தடுக்கிற நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள்.

துளை இருக்கும் பக்கச் சுவரின் மறுபுறம் ஓர் அடிக்கு ஓர் அடி சன்னல் விட்டு, கழற்றக்கூடிய மூடி போடுங்கள். நாங்கள் முதல் முறை இதை விடவில்லை. விரிசலைப் பார்க்கவே டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது.

ஒத்திகை

கலவை குழைப்பதற்கு முன்னால் டப்பை வெறுமனே இடத்தில் இறக்கிப் பாருங்கள். விளிம்பில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் வையுங்கள். விளிம்புதான் மட்டமாக இருக்க வேண்டும். தண்ணீர் வடிய வேண்டிய சரிவு டப்பின் அடியிலேயே இருக்கிறது. "ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைப்போம் அண்ணாச்சி, தண்ணி சீக்கிரம் போகும்" என்பார்கள். சம்மதிக்க வேண்டாம். மட்டமானதும் விளிம்பின் அடிக்கோட்டை மூன்று சுவரிலும் பென்சிலால் வரைந்து, டப்பை வெளியே எடுங்கள்.

அந்தக் கோட்டில் விளிம்பைத் தாங்க ஒரு பிடிமானம் வேண்டும். மரச்சட்டம் அடித்தால் நம் ஊர்க் கரையான் விடாது. அலுமினிய எல் ஆங்கிளை, சுவரில் ராவல் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் முளை) போட்டு முறுக்கினோம். விளிம்பு அதன்மேல் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். பாரத்தைச் சுமப்பது அதன் வேலையில்லை.

கலவைப் படுக்கை

டப்போடு வந்த தாளை இங்கே ஒருமுறை வாசித்துவிடுங்கள். சில கம்பெனி டப்புகளில் அடிப்பலகை ஏற்கெனவே ஒட்டியிருக்கும், சிலவற்றில் கலவையே கூடாது என்று இருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். கெட்டியான புட்டு மாவு போலக் குழைத்து, டப்பின் அடிப்பகுதி வரும் இடமெல்லாம் இரண்டு அங்குல உயரக் குவியல்களாக வையுங்கள். துளை, டிராப் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் காலியாக விடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரியுங்கள்.

இந்த வேலையைத் தொடங்கும் முன்பே, தண்ணீர் வெளியேறும் துளையில் மாட்டுகிற வேஸ்ட் கப்ளிங்கையும், மேலே நிரம்பினால் வழிகிற ஓவர்ஃப்ளோ குழாயையும் டப்பில் பொருத்தி முடித்திருக்க வேண்டும். கப்ளிங்குக்கு அடியில் சிலிக்கான் (காய்ந்ததும் ரப்பர் போல இழுபடும் பசை) போடுங்கள். பிவிசி ஒட்டும் பசை ஒரு சொட்டு அக்ரிலிக்கில் விழுந்தாலும் அந்த இடம் மங்கிப்போகும், பழைய போர்வையைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் டப்பைத் தூக்கி நேராக இறக்க வேண்டும். குவியல்கள் நசுங்கி, விளிம்பு ஆங்கிளில் உட்காரும் வரை எல்லாப் பக்கமும் சீராக அழுத்துங்கள். ரசமட்டத்தைத் திரும்பப் பாருங்கள். கலவை ஒரு நாள் இறுகட்டும். அதுவரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மறுநாள் உள்ளே நின்று குதிகாலால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று வெறுமையான சத்தம் வரும் இடத்துக்கு அடியில் காற்று இருக்கிறது. எங்கள் டப்பில் அப்படி ஓர் உள்ளங்கையளவு இடம் இருந்தது. எடுத்துத் திரும்ப வைத்தோம்.

சோதனை

ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அடைப்பைத் திறந்து, தண்ணீர் ஓடும்போதே சன்னல் வழியாக டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றுங்கள். தேங்கி நிற்கும்போது கசியாத இணைப்பு, ஓடும்போது கசியலாம்.

சுவரும் சிலிக்கானும்

பூச்சு, தண்ணீர் புகாத கோட்டிங், டைல்ஸ் எல்லாம் வழக்கமான வேலைதான். கோட்டிங் டப்பின் நிமிர்ந்த விளிம்பின் மேல் ஏறி இறங்க வேண்டும். டைல்ஸ் அதன் முன்னால் இறங்கி, 3 மி.மீ. இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் வெள்ளைச் சிமெண்டை அப்பிவிடுவார்கள், கூடாது. சிமெண்ட் இழுபடாது, முதல் குளியலிலேயே வெடிக்கும். டப்பில் தண்ணீர் நிரப்பி, பாரத்தில் அது இறங்கிய நிலையில் சிலிக்கான் போட்டு, ஒரு நாள் காய்ந்த பிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காலியாக இருக்கும்போது போட்டால், நிரப்பும்போதெல்லாம் அந்தக் கோடு இழுபட்டு ஒருநாள் பிரியும்.

வயதானவர்களுக்காக வைக்கிறீர்கள் என்றால் கைப்பிடிக் கம்பியை எங்கே போடுவது என்று டைல்ஸுக்கு முன்பே குறித்து, செங்கல்லில் நன்றாக இறங்கும்படி போல்ட் போடுங்கள். டப்பின் விளிம்பைத் தாண்டுவதுதான் அம்மாவுக்கு இன்றும் சிரமமான இடம்.

கீசர் கணக்கையும் போட்டுவிடுங்கள். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரி வெந்நீர் இருந்து, தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், 40 டிகிரியில் கலந்து கிடைப்பது சுமார் 67 லிட்டர். டப்பில் இடுப்புக்குக்கூட வராது. 50 லிட்டர் கீசர் வைத்தால் சுமார் 130 லிட்டர் கிடைக்கும். அது ஓர் ஆளுக்குப் போதும்.

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் உப்புத் தண்ணீர் உள்ளவர்கள், குளித்ததும் டப்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் படிவு விழுந்தால் எலுமிச்சைச் சாறு போதும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மெல்லிய சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் வழுக்கி விழுவார். ஆசிட், அசிட்டோன், கம்பி நார் எதையும் அருகில் வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.