அறிக்கைச் சுமையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது எப்படி

பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் பிரிவுப் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலை செய்வதை விட, செய்த வேலைக்குக் கணக்கு எழுதுவதே அதிகம் என்று கூட்டங்களில் புலம்பியபோது யாரும் காதில் வாங்கவில்லை. பட்டியல் போட்டுக் கொடுத்ததும் வாங்கிப் படித்தார்கள்.

ஒரு மாதம், மேலிடத்திலிருந்து கேட்கும் தகவல் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ‘உடனே அனுப்பவும்’ என்று வருவதை விட்டுவிடாதீர்கள். யார் கேட்டார், அதே எண் வேறு எந்த அறிக்கையில் போகிறது, எவ்வளவு நேரம் பிடித்தது, இவ்வளவு போதும்.

நேரம்தான் முக்கியம். தட்டச்சு செய்த பத்து நிமிடத்தை மட்டும் எழுதாதீர்கள்; தகவலுக்காகப் பத்துப் பேருக்குப் போன் போட்டதும் கணக்குதான். அமெரிக்காவில் 1980-இல் இயற்றி 1995-இல் திருத்திய காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, கூட்டரசு ஒரு படிவம் கொடுத்தால் அதை நிரப்ப ஆகும் நேரத்தின் மதிப்பீட்டையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஊழியரான நமக்கு யாரும் சொல்வதில்லை, நாமே எழுதிக் காட்ட வேண்டியதுதான்.

பணம், பாதுகாப்பு, பொதுமக்கள் புகார் தொடர்பான பதிவேடுகளில் கை வைக்காதீர்கள். அவற்றையும் குறைக்கச் சொன்னால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறோம் என்று மொத்தப் பட்டியலும் குப்பைக்குப் போகும்.

‘இதை யார்தான் படிக்கிறார்கள்?’ என்று கேட்டால் மேலதிகாரிக்குக் கோபம்தான் வரும். ‘இந்த எண்கள் மாதாந்திர அறிக்கையிலேயே இருக்கின்றன, அதையே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். சொல்லாமல் நிறுத்திப் பார்க்கலாம் என்பார்கள் சிலர். வேண்டாம், விளக்கம் கேட்டு மெமோ வரும்.

சில எண்கள் வேலையையே கெடுக்கும். ஓர் அளவு இலக்காகிவிட்டால் அதை நம்ப முடியாது என்பதைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் குட்ஹார்ட் விதி என்கிறார்கள். 1975-இல் பணக் கொள்கை பற்றி அவர் எழுதியதிலிருந்து வந்தது. முடித்த மனுக்களை மட்டும் எண்ணினால் சுலபமானவை முதலில் முடியும், சிக்கலானவை அடியிலேயே கிடக்கும். அதற்குப் பதில், நிலுவையில் மிகப் பழைய மனுவின் வயதைத் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி, மூன்று மாதச் சோதனை முயற்சிக்கு அனுமதி கேளுங்கள். சரி என்றால் அதை எழுத்தில், தேதியோடு வாங்குங்கள். அனுமதி தந்த மேலதிகாரி மாறுதலில் போனதும், புதிதாக வருபவர் பழைய அறிக்கைகளையெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்பார்.