தரங்கம்பாடித் தெருவில் முன்பு குடியிருந்தவர்களைத் தேடுவது எப்படி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப நாளாகவே ஆதங்கம். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்ததும், 1845ல் அவர்கள் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனதும் பலகையில் எழுதியிருக்கிறது. நடுவில் 225 வருஷம் இங்கே குடியிருந்தவர்கள் யார், நம் வீடு நிற்கிற மனையில் அதற்கு முன் யார் அடுப்பு மூட்டினார்கள் என்பது எந்தப் பலகையிலும் இல்லை. தேடினால் கிடைக்கும். நான் தேடிப் பழகிய வழியைச் சொல்கிறேன், கடலோரத்தில் வேறு ஊர்க்காரராக இருந்தாலும் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

முதல் வேலை காகிதம் இல்லை, ஆட்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்களிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள், ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். "ஊர் வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று ஆரம்பித்தால் கோட்டைக் கதையைத்தான் சொல்வார்கள், அது நமக்கு வேண்டாம். "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தத் திண்ணையில யாரு உட்கார்ந்திருப்பாங்க, அந்த மூலை வீட்டுல யாரு இருந்தாங்க, அவங்க எங்க போனாங்க" என்று வீடு வீடாகக் கேளுங்கள். ஒரு தாளில் தெருவைக் கோடு போட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் கட்டத்துக்குள் பெயரை எழுதுங்கள், தாளைப் பார்த்ததும் அவர்களே கையை வைத்துத் திருத்துவார்கள். ஒரு பாட்டி என் பேனாவை வாங்கி, நான் ஒரே வீடாகப் போட்டிருந்த கட்டத்தின் நடுவே கோடு போட்டு இரண்டாக்கி, "நடுவுல சுவர் வெச்சது அண்ணன் தம்பி சண்டைக்கு அப்புறம்" என்றார். அந்த ஒரு கோடு இல்லாமல் பிற்பாடு பத்திரத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தலையும் புரிந்திருக்காது வாலும் புரிந்திருக்காது.

வருஷத்தை அவர்கள் ஆங்கில எண்ணில் சொல்ல மாட்டார்கள். "எங்க பாட்டன் தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவர்" என்பார்கள். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், ஆகவே தாது என்றால் 1816, 1876, 1936, 1996 எல்லாமே தாதுதான். பஞ்சம் என்ற சொல் கூடவே வருவதால் 1876 என்று பிடிக்கலாம். இப்படிப் பக்கத்தில் ஒரு புயலோ கல்யாணமோ கும்பாபிஷேகமோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு தலைமுறை தள்ளிப் போய்விடும்.

மீனவத் தெருவுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பல குடும்பங்களுக்குப் பழைய பத்திரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்த ரேஷன் கார்டையும் கல்யாணப் படத்தையும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோய்விட்டது, பிறகு வீடுகளே இடம் மாறிவிட்டன. அதனால் கரைவலையில் யார் யாருக்குப் பங்கு இருந்தது, எந்தக் கட்டுமரம் எந்த வீட்டுடையது, பஞ்சாயத்தில் யார் பேசினார்கள், கோயில் வரிக்கணக்கு நோட்டு யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். வலைப்பங்கு வரிசையைச் சொல்லச் சொன்னால் ஒரு தலைமுறைக் குடும்பங்களின் பெயர் அப்படியே வந்துவிடும். அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், குரலுக்கு ஈடாக எந்தக் காகிதமும் இல்லை.

சரி, இப்போது பத்திரத்துக்கு வருவோம், எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் மூலப்பத்திரத்தை எடுத்தால் எல்லோரும் வாங்கியவர் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கடைசிப் பக்கம் போய்ச் சக்குபந்தியைப் படியுங்கள். மனையின் நான்கு எல்லையும் அங்கேதான் இருக்கும்: இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு மேற்கு என்று. இதில் பலர் தடுமாறும் ஒரு விஷயம், "இன்னார் வீட்டுக்கு வடக்கு" என்றால் நம் மனைதான் அவர் வீட்டுக்கு வடக்கே இருக்கிறது, அதாவது அவர் வீடு நமக்குத் தெற்கே. இதை மாற்றிப் படித்தால் தெருவே தலைகீழாகிவிடும். சரியாகப் படித்தால் ஒரே பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர், சாட்சிகள், எழுதியவர் என்று எட்டுப் பெயர் வரை கிடைக்கும், பெரும்பாலும் தகப்பன் பெயரோடும் தொழிலோடும். ஒரே தெருவில் ஐந்து வீட்டுப் பத்திரம் பார்க்கக் கிடைத்தால் ஒரு காலத்துத் தெரு முழுக்க ஆட்களோடு எழுந்து நிற்கும். பெயருக்குப் பின்னால் சாதியும் எழுதியிருக்கும், உங்கள் குறிப்பில் இருக்கட்டும், ஆனால் பொதுவில் போடும்போது யோசித்துப் போடுங்கள்.

வீட்டில் பத்திரம் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் பத்திர எண்ணை வைத்து நகல் கேட்கலாம். பத்திரப் பதிவு 1860களிலேயே ஆரம்பித்துவிட்டது, கம்ப்யூட்டரில் இல்லாத பழைய வருஷங்களுக்குக் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். சர்வே எண், பழைய எண் புதிய எண் இரண்டும், கையில் இல்லாமல் போகாதீர்கள். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் பழைய எண் தெரியாமல் நின்று மூன்று நடை வீணானது, அந்த எண் அ-பதிவேட்டில் (சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு) பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது.

அப்புறம் மாவட்டம். இந்த ஊர் இப்போது மயிலாடுதுறை மாவட்டம், அது 2020ல் வந்தது. அதற்கு முன் நாகப்பட்டினம், 1991க்கு முன் தஞ்சாவூர். பழைய கோப்பு எந்த ஊரில் கிடக்கும் என்பது அந்தக் கோப்பின் வருஷத்தைப் பொறுத்தது. 1883ல் வெங்கசாமி ராவ் தொகுத்த மாவட்டக் கையேடும் 1906ல் ஹெமிங்வே எழுதிய கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) கூடத் தஞ்சாவூர்ப் பெயரில்தான் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேரத்தை விடாதீர்கள், நம் நாட்டில் பழைய கணக்கெடுப்பின் மொத்த எண்ணிக்கை கிடைக்கும், வீட்டு வாரியான பெயர் கிடைக்காது.

கல்லறைகளுக்குக் காலையில் போங்கள், சூரியன் கடலிலிருந்து எழும்பிச் சாய்வாக விழும் அந்த அரை மணி நேரம்தான் தேய்ந்த எழுத்துக்கு உயிர் வரும் நேரம். உச்சி வெயிலில் நான் வெறும் கல் என்று கடந்துபோன ஒன்று, மறுநாள் காலை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்ததும் நான்கு வரி காட்டியது: முதலில் 17, அப்புறம் விரலால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு 8. உப்புக்காற்று மிச்சத்தைத் தின்றுவிட்டது. சுண்ணாம்பு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் வேண்டாம், இருக்கிற எழுத்தும் உதிர்ந்துவிடும். டேனிஷ் கல் என்றால் ஒரு குறுக்குவழி, ஆண்டுக்கு முன்னால் எஃப் எழுத்தில் தொடங்கும் சொல் இருந்தால் பிறந்தது, டி எழுத்தில் தொடங்கினால் இறந்தது. லத்தீன் கல்லில் நாட்டுஸ் பிறப்பு, ஒபிட் இறப்பு. எழுத்து சுத்தமாகப் போயிருந்தால் 1905ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணம் முழுக்கத் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலைப் பாருங்கள், அவர் காலத்தில் படிக்க முடிந்தது நமக்கு இப்போது முடியாமல் இருக்கலாம். கல்லில் பெயர் வைத்துக்கொள்ள வசதி இருந்தவர்கள் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

வசதி இல்லாதவர்களுக்கு எங்கே போவது? மிஷன் காகிதங்களுக்கு. 1706ல் சீகன்பால்கு, புளூச்சோ என்ற இரண்டு ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் வந்து இறங்கினார்கள், அதிலிருந்து பல பத்தாண்டுகள் இங்கே நடந்ததையெல்லாம் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், அங்கே அதை அச்சிட்டார்கள். அந்த அறிக்கைகள் இணையத்திலேயே இருக்கின்றன. அதில் "தமிழர்" என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள், நம்மை அவர்கள் "மலபார்" என்றுதான் எழுதினார்கள். மலபார் மொழி என்றால் தமிழ், மலபார்ப் பள்ளி என்றால் தமிழ்ப் பள்ளி, கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமல் நான் கழித்த மாதங்களை நீங்களும் கழிக்க வேண்டாம்.

1707 மே மாதம் நடந்த முதல் ஞானஸ்நானத்தில் இருந்த ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அதை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்குக் கோட்டை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஞானஸ்நானப் பதிவில் இன்னொரு சிக்கல், அன்றைக்கே பெயர் மாறிவிடும். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர் 1718ல் ஆரோன் ஆனார், 1733ல் குருப்பட்டம் பெற்று லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகரும் ஆனார். புதுப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அவருடைய அண்ணன் தம்பி யாரும் கிடைக்க மாட்டார்கள். மலையப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான், 1714ல் சீகன்பால்குவோடு கப்பலேறி ஐரோப்பா போய் வந்தவர், காகிதத்தில் பேதுரு என்ற பெயரோடு சேர்ந்து பலவிதமான எழுத்துக்கூட்டலில் இருப்பார். பெயரை ஒரு ஜெர்மன்காரர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஐந்தாறு விதமாக எழுதித் தேடுங்கள். உள்ளூர் சபையில் பதிவேடு பார்க்க விரும்பினால் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆராதனை இல்லாத நாளில் போங்கள்.

டேனிஷ் அரசாங்கக் காகிதம் இரண்டு இடத்தில் இருக்கிறது, கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்திலும் நம் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும். எழும்பூரில் "டேனிஷ் ஆவணங்கள்" என்று தனி வரிசையே உண்டு. மொழியைவிடக் கையெழுத்துதான் தடை, பழைய கோத்திக் கையெழுத்து, டேனிஷ் தெரிந்தவர்களுக்கே படிக்கப் பயிற்சி வேண்டும். உங்களுக்கு வேண்டிய பெயர் எப்படி இருக்கும் என்று அந்தக் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொண்டு, அந்த உருவத்தை மட்டும் பக்கத்தில் தேடுங்கள். 1700க்கு முந்தைய டேனிஷ் தேதி என்றால் இன்றைய கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் பெண் கொடுத்து எடுத்த குடும்பம் என்றால் பிரெஞ்சுப் பதிவேடுகளை விடாதீர்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அவர்கள் ஒழுங்காக எழுதி வைத்தார்கள், பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள காப்பகம் அதில் நிறைய இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

டேனிஷ்காரர்களுக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமானால் தரங்கம்பாடிக் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, அதில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் பழைய வரைபடத்தை இன்றைய கரையோடு ஒட்டவைக்காதீர்கள், கோட்டை, சீயோன் ஆலயம், நகர வாயில் என்று அசையாத மூன்று புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள்.

எதை எங்கே பார்த்தீர்கள், யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பாட்டி சொன்னதும் பத்திரம் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள். முடிந்ததும் தெருப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, சொன்னவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்தபோது அந்தப் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கட்டத்தைத் தேடிப் பிடித்தார், நடுக்கோடு இருக்கிறதா என்று பார்த்தார், அப்புறம் அதற்கும் பின்னால் ஒரு கிணறு இருந்ததே, அதை ஏன் போடவில்லை என்று கேட்டார்.