கரியமில வாயுவுக்குக் குழாய்: செலவுக் கணக்கு எங்கே சறுக்குகிறது?

வாளையாரில் ஒரு சிமென்ட் ஆலை, எல்லைக்கு இந்தப் பக்கம் மதுக்கரையில் இன்னொன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வெளிவரும். எந்த எரிபொருளில் சுட்டாலும் அது நிற்காது. அதைப் பிடித்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சிக்குக் குழாயில் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பலரும் உடனே எரிவாயுக் குழாயைத்தான் கைகாட்டுகிறார்கள். கொச்சி–மங்களூரு குழாய் 450 கிலோமீட்டர், சுமார் 3,000 கோடி ரூபாய்; ஆக கிலோமீட்டருக்கு ஆறரைக் கோடிக்குச் சற்று மேல்.

இந்த வகுத்தல்தான் முதல் தவறு. கரியமில வாயுவைத் திரவம் போல அடர்த்தியாகும் வரை அழுத்தித்தான் அனுப்புவார்கள். 100 பாருக்கு மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்குக்கு மேல், என்பது சகஜம். அதற்குத் தடித்த இரும்பு வேண்டும். இந்தக் குழாய் கிழிந்தால் உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகி, அழுத்தத்தைச் சட்டென்று இறங்க விடாது. கிழிசல் குழாயோடு நீண்டுகொண்டே போகும். அதைத் தடுக்க உறுதியான எஃகோ இடையிடையே வளையங்களோ தேவை. ஈரம் மிஞ்சினால் அமிலமாகி இரும்பை அரிக்கும் என்பதால் உலர்த்தும் கருவியும் வேண்டும்.

அப்புறம் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர். டன்னுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம் குடிக்கும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலே 700 ரூபாய். தூரம் குறைவென்றால் குழாய்ச் செலவையே இது விழுங்கிவிடும். ஆனால் பல மதிப்பீடுகளில் இது ஆலைக் கணக்கிலும் இருக்காது, குழாய்க் கணக்கிலும் இருக்காது. அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தது என்றால் இன்னொரு கழித்தலும் உண்டு. நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று பார்த்தால், அனுப்பும் ஒவ்வொரு டன்னிலும் 70 கிலோ திரும்ப வானத்துக்கே போகிறது. செலவை முழு டன்னால் வகுக்கக்கூடாது.

வெளிநாட்டு எண்களை அப்படியே எடுப்பதில் உள்ள சிக்கலை இங்கே யாரும் பேசுவதில்லை. கனடாவின் அல்பெர்ட்டாவில் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைக்க 2015 முதல் ஓடும் குவெஸ்ட் திட்டத்தின் குழாய் குளிர்ந்த மண்ணில் கிடக்கிறது. கரியமில வாயுவுக்கு 31 டிகிரி ஒரு எல்லை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. 100 பார் அழுத்தத்தில், 10 டிகிரியில் ஒரு கனமீட்டருக்குள் 900 கிலோவுக்கு மேல் அடங்கும். 40 டிகிரியில் ஏறக்குறைய 630 கிலோதான். பாலக்காட்டு மார்ச் வெயிலில், கம்ப்ரசரிலிருந்து சுடச்சுட வருவதை வெறும் காற்றை வீசி 31-க்குக் கீழே இறக்கவே முடியாது. பெரிய குழாய் போட வேண்டும், அல்லது அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் குளிரூட்டி வைக்க வேண்டும். மூன்றுமே காசு.

அடுத்தது, குழாய் நிரம்பி ஓடும் என்ற நம்பிக்கை. ஒரு பேச்சுக்கு, வருடச் செலவு 100 கோடி, கொள்ளளவு 20 லட்சம் டன் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 500 ரூபாய். வருவது 8 லட்சம் டன் மட்டும் என்றால் அதே குழாயில் 1,250 ரூபாய். பக்கத்து ஆலைகள் பிற்பாடு சேரும் என்று பெரிதாகப் போடுபவர்கள், அவை சேரும் வரையிலான வருடங்களையும் எழுதிக் காட்டட்டும்.

நிலம் விஷயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயுக் குழாய்களுக்குப் பயன்படும் 1962-ஆம் வருடச் சட்டப்படி நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும். அதில் குழாய் பதிக்கும் உரிமைக்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஆனால் குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. தென்னந்தோப்புக்காரர் இதற்குச் சும்மா தலையாட்டுவாரா? எரிவாயுக் குழாய்க்குக் கொங்கு மாவட்டங்களில் எழுந்த எதிர்ப்பு 2016-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தாமதமாகும் காலத்துக்கு வட்டி ஓடும். அதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

கேரளப் பக்கம் வேறு கதை. வீடில்லாத கிலோமீட்டர் கிடைப்பதே கஷ்டம். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சடார்ஷியாவில், கனமழையில் மண் சரிந்து ஒரு கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு ஊருக்குள் இறங்க, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கணவாயின் சரிவுகளில் போடும் குழாய்க்கு அடைப்பு வால்வுகளை நெருக்கமாக வைக்கவும், பள்ளத்து ஊர்களைச் சுற்றிப் போகவும் வேண்டியிருக்கும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அளந்த தூரத்தில் இது எதுவும் தெரியாது.