ஜேசன் டீசீரியலைசர் ஓடும்போது நிற்கிறதா? இதைப் பாருங்கள்

கிளிநொச்சியில் நண்பர்களோடு சேர்ந்து, இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் சின்னச் செயலி ஒன்றை ஜாவாவில் எழுதினோம். கம்பைல் ஆகும், ஓடவிட்டால் நின்றுவிடும். ஜேசன் (JSON) வடிவில் வரும் தரவை ஜாவா பொருளாக மாற்றும் நிரல்தான் டீசீரியலைசர். ஜேசனைக் கையாளும் ஜாக்சன் (Jackson) என்ற ஜாவா நூலகத்தில் அதைச் சொந்தமாக எழுதும் பலருக்கும் இது நடக்கும்.

பிழைச் செய்தியின் முதல் வரியோடு நிற்காதீர்கள். 'காஸ்ட் பை' (Caused by) என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதுதான் பெரும்பாலும் மூல காரணம். கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் பகுதி) இல்லை என்று வந்தால், உங்கள் டீசீரியலைசர் இன்னொரு கிளாஸுக்குள் ஸ்டாட்டிக் (static) என்ற சொல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாட்டிக் போட்டு, எந்த உள்ளீடும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும் வைத்தால் சரி.

எங்களை அலையவிட்டது வேறொன்று. 'கெட்' (get) போட்டுக் கேட்ட புலம் தரவில் இல்லாவிட்டால் நல் (null), அதாவது 'எதுவும் இல்லை' என்பது வரும். அதன்மேல் எதை அழைத்தாலும் நல் பாயின்டர் பிழைதான். அதற்குப் பயந்து 'பாத்' (path) போட்டு 'அஸ்டபுள்' (asDouble) என்று எடுத்தால், ஜாக்சன் 2 பதிப்புகளில் பிழை வராது, 0 வரும். இதுதான் பெரிய ஆபத்து. மாரியில் குளம் நிரம்பி நிற்கும்போது திரையில் 0 அடி என்று கண்டால், வயல் விதைத்தவர் என்ன நினைப்பார்? எண்ணுக்குப் பதிலாக உள்ளே எதுவும் இல்லாத வெறும் மேற்கோள்குறிகள் வந்தாலும் அதே 0 தான். ஆகவே 'இஸ்நம்பர்' (isNumber) கொண்டு எண்தானா என்று பார்த்த பிறகே எடுங்கள். இல்லையென்றால் புலத்தின் பெயரைச் சொல்லி நீங்களே பிழையை எறியுங்கள்.

அப்புறம், டீசீரியலைசருக்குள், அது உருவாக்க வேண்டிய அதே கிளாஸை மறுபடி மேப்பரிடம் (தரவை மாற்றித் தரும் ஜாக்சனின் ObjectMapper) கொடுக்காதீர்கள். அது உங்கள் டீசீரியலைசரையே திரும்பத் திரும்ப அழைத்து, ஸ்டாக் (அழைப்புகளுக்கான நினைவகம்) நிரம்பும்வரை சுற்றும்.