பிள்ளைக்கு மனத்திடம் வர, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

பதின்வயதுப் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து "டீம்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க" என்று சொன்னதும், கோச்சிடம் நியாயம் கேட்க நம் கை தானாகப் போனைத் தேடும். தேடட்டும், எடுக்காதீர்கள். பையைக் கீழே வைத்து முகம் கழுவி வரட்டும், அப்புறம் ஒரே கேள்வி: "நான் சும்மா கேட்டுக்கட்டுமா, இல்ல யோசனை சொல்லணுமா?" பெரும்பாலும் சும்மா கேட்டாலே போதும். யோசனை கேட்டால், "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று முதலில் அவர்கள் வாயிலிருந்தே வரவழையுங்கள். கோச்சிடம் போய்ப் பேச வேண்டியது பிள்ளைதான். எப்படிப் பேசுவது என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பார்க்கலாம், அதோடு உங்கள் வேலை முடிந்தது. (அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் இதெல்லாம் செல்லாது, உடனே நீங்கள்தான் இறங்க வேண்டும்.)

அடுத்தது பொறுப்பு. கூடமாட உதவுவது அல்ல, முழுக்க அவர்கள் தலையில் இருக்கும் ஒரு வேலை. வீட்டு இணையக் கட்டணத்தைக் கட்டுவது என்றே வைத்துக்கொள்ளுங்களேன். மறந்து இணைப்பு போய்விட்டால் திட்டவும் வேண்டாம், ஓடிப்போய் நீங்களே கட்டவும் வேண்டாம். பிள்ளையே கட்டும்வரை எல்லோரும் இணையம் இல்லாமல் இருங்கள். பாராட்டும்போதும் "நீ கெட்டிக்காரி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "அந்தக் கணக்கை வேற வழியிலயும் போட்டுப் பார்த்தியே" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறி வந்தார்கள், அப்படித் தேறியவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, நம்பிச் சாய்ந்துகொள்ள ஒரு பெரியவர் இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராகவும் இருக்கலாம். ஆகவே உங்களிடம் சொல்லாததை உங்கள் மகள் சித்தியிடம் சொல்கிறாளா, சந்தோஷப்படுங்கள், அப்புறம் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு "என்ன சொன்னா?" என்று குடையாதீர்கள், அது தெரிந்த நாளோடு அந்தக் கதவும் மூடிவிடும்.

தூக்கத்தை மறந்துவிடாதீர்கள், 13 முதல் 18 வயது வரை 8–10 மணி நேரம் தேவை. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.